பெல்ட்டை விட்டுத் தோளைப் பிடியுங்கள்: பெல்ட்டட் மேக்னம் ரீலோடிங்

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை டை என்னும் எஃகு அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர் (பற்றவைக்கும் மூடி), வெடிமருந்து, புல்லட் வைத்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். பெல்ட்டட் மேக்னம் என்பது கூட்டின் அடியைச் சுற்றிப் பெல்ட் என்ற தடித்த பட்டை உள்ள ரைபிள் தோட்டா. கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் சாய்வுதான் தோள். மூன்று நான்கு முறை சுட்டு, ஒவ்வொரு முறையும் டையைக் கடைசிவரை இறக்கி அழுத்திய .300 வின்செஸ்டர் மேக்னம் கூடு ஒன்றை எடுத்து, வைஸில் பிடித்து, நீளவாக்கில் ஹேக்ஸாவால் அறுத்துப் பாருங்கள். அடிப்பகுதியின் கெட்டிப் பித்தளை மெல்லிய சுவராக மாறும் இடத்தில், உள்பக்கம் சுற்றிவரப் பள்ளம் ஒன்று ஓடும். நகத்தை வைத்தால் தடுக்கும். வெளிப்பக்கம் அதே மட்டத்தில், பெல்ட்டுக்குச் சற்று மேலே, வெளிறிப் பளபளக்கும் வளையம் தெரியும். அந்தக் கூட்டுக்கு இன்னும் ஒரு சுடுகைதான் மிச்சம். அதில் இரண்டாக அறும். மருந்து அதிகமாகிவிட்டது, பித்தளை மட்டம் என்று பழியை எங்கெங்கோ போடுவார்கள். பத்துக்கு எட்டுத் தடவை குற்றம் டையை எந்த அளவுக்கு இறக்கினோம் என்பதில்தான் இருக்கிறது.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ரீலோடிங் என்பது அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்களும் தொலைதூர இலக்குச் சுடுபவர்களும் சட்டத்துக்குட்பட்டுச் செய்கிற வேலை. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் இருக்கிறது என்பதால் தோட்டா செய்யலாம் என்று ஆகிவிடாது. அந்த நாடுகளில் குடியேறி, அங்கே முறைப்படி உரிமம் பெற்று, முதல்முறை மேக்னம் ரைபிளுக்கு ரீலோடிங் தொடங்குகிறவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறோம். .308, .30-06 போன்றவற்றில் கை பழகியவர்கள்கூட பெல்ட் வந்ததும் இடறுகிறார்கள்.

பெல்ட் எதற்கு வந்தது?

லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1905-இல் .400/375 தோட்டாவோடு இந்தப் பெல்ட்டைக் கொண்டுவந்தார்கள். 1912-இல் .375, 1925-இல் .300. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் வெயிலில் காய்ந்த தோட்டாவைச் சுட்டாலும் கூடு சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில்) பிடித்துக்கொள்ளாமல் வழுக்கி வெளியே வர வேண்டும். அதற்காகக் கூட்டை நன்றாகச் சரித்து, தோளை மிகச் சாய்வாக வைத்தார்கள். .300 ஹாலண்டின் தோள் கோணம் வெறும் 8.5 டிகிரி. இவ்வளவு சாய்ந்த தோளை நம்பித் தோட்டாவைச் சேம்பரில் நிறுத்துவது கஷ்டம். ரிம் (கூட்டின் அடியில் வெளியே நீட்டும் விளிம்பு) வைத்தால் மேகஸினில் ஒன்றோடொன்று சிக்கும். ஆகவே அடியில் ஒரு பட்டை. அந்தப் பட்டையின் முன்விளிம்பு சேம்பரில் முட்டி நிற்கும். அந்தக் காலத்துக்கு அது புத்திசாலித்தனமான தீர்வு.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1940-களில் வெதர்பி, 1956-இலிருந்து வின்செஸ்டர், 1962-இல் 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் என்று எல்லாரும் அதே ஹாலண்ட் அடிப்பகுதியை எடுத்து, சரிவைக் குறைத்து, தோளை நிமிர்த்தினார்கள். 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னத்தின் தோள் 25 டிகிரி. அந்தத் தோள் தோட்டாவைத் தானே நிறுத்தும். பெல்ட்டுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் “மேக்னம்” என்ற சொல்லோடு பெல்ட்டும் ஒட்டிக்கொண்டது. 2007-இல் வந்த .375 ரூகர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பெல்ட் இருந்த அதே 0.532 அங்குல விட்டத்துக்கு உடம்பையே பருக்க வைத்தது. 2018-இல் வந்த .300 பிஆர்சியும் பெல்ட் இல்லாததுதான். காலம் கடந்து வந்த ஒப்புதல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வரலாறு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்கு என்றால், அளவுகள் இன்னும் அந்தப் பழைய கணக்கிலேயே இருக்கின்றன. அமெரிக்காவில் தோட்டா, சேம்பர் அளவுகளை நிர்ணயிக்கும் அமைப்பு 1926-இல் தொடங்கிய ஸாமி (SAAMI). (பெயரைக் கேட்டதும் கும்பிடத் தோன்றும், வரமெல்லாம் தராது, வரைபடம் தரும்.) அந்த வரைபடத்தில் ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டா சேம்பரில் முட்டி நிற்கும் இடத்துக்கும் பின்னாலுள்ள போல்ட்டுக்கும் இடையிலான தூரம், பெல்ட்டில்தான் குறிக்கப்பட்டிருக்கிறது: சேம்பரில் 0.220 முதல் 0.227 அங்குலம் வரை. ரைபிள் செய்பவர் கேஜ் வைத்துச் சரிபார்ப்பதும் அதைத்தான். தோள் எங்கே இருக்கிறது என்பதில் அவருக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. எந்தத் தோட்டாவும் எந்த ரைபிளிலும் நுழைய வேண்டும் என்பதற்காகச் சேம்பரின் தோளைத் தாராளமாக முன்னே தள்ளி வெட்டுவார்கள். கூடு செய்பவர் தோளைத் தாராளமாகப் பின்னே வைப்பார். இரண்டு தாராளமும் சேர்ந்தால் நடுவில் 20 தௌ வரை வெற்றிடம் விழுவது சாதாரணம். லேத் பட்டறைப் பழக்கம் இல்லாதவர்களுக்கு: தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 தௌ என்பது அரை மில்லிமீட்டர். பித்தளைக்கு அது பெரிய தூரம்.

சுடும்போது என்ன நடக்கிறது? ஃபயரிங் பின் தட்டியதும் தோட்டா முன்னே போய் பெல்ட்டில் நிற்கிறது. மருந்து பற்றி அழுத்தம் ஏறும்போது கூட்டின் மெல்லிய முன்பாதி முதலில் உப்பிச் சேம்பர் சுவரைக் கவ்விக்கொள்கிறது. அடிப்பாகம் கெட்டி, உப்பாது. பின்னே நகர்ந்து, சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்தில் மோதுகிறது. தோளும் முன்னே ஊதி சேம்பரின் தோளை நிரப்புகிறது. இந்த நீட்சி முழுவதையும் கொடுப்பது அந்தக் கெட்டியும் மெல்லிசும் சேரும் இடம். ஒரு தடவை நீண்டால் தாங்கும். நீங்கள் டையில் போட்டுத் தோளைப் பழைய இடத்துக்கே தள்ளினால், அடுத்த சுடுகையில் மறுபடி அதே நீட்சி. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பது போலத்தான். டை, பிரஸ் என்ற நெம்புகோல் கருவியின் மேலே மரையில் மாட்டப்படும்; கூட்டின் அடியைப் பிடித்து அதற்குள் ஏற்றும் துண்டு ஷெல் ஹோல்டர். டை பெட்டிக்குள் இருக்கும் தாளில் “ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்கு, பிறகு இன்னும் கால் சுற்று” என்று எழுதியிருக்கும். எல்லா ரைபிளுக்கும் பொதுவாகச் சொன்னது அது. பெல்ட்டட் மேக்னத்தில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வதுதான் கூடு அறுவதற்கான நேர்வழி.

டையை உட்கார வைப்பது

ஆகவே பெல்ட் இருப்பதையே மறந்துவிடுங்கள். .30-06-ஐ எப்படித் தோளில் அளப்பீர்களோ, அப்படியே இதையும் அளக்க வேண்டும். டயல் காலிபரில் மாட்டும் தோள் கம்பாரேட்டர் ஒன்று தேவை. ஹார்னடி விற்கும் செட்டில் 0.420 அங்குலத் துளை உள்ள புஷ்ஷிங் .300 வின்செஸ்டருக்குப் பொருந்தும். அது காட்டும் எண் எந்த வரைபடத்தோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை. சுட்ட கூட்டுக்கும் டையில் அழுத்திய கூட்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மட்டுமே நமக்கு வேண்டும்.

அளப்பதற்கு முன் பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிடுங்கள். பின் குத்திய இடத்தைச் சுற்றி எழும்பிய விளிம்பு இரண்டு மூன்று தௌ பொய் சொல்லும். சுட்ட கூடு ஐந்தை அளந்து அதிகபட்ச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புதுக் கூடு ஒரே சுடுகையில் சேம்பரை முழுதாக நிரப்பாமல் போவதும் உண்டு. இரண்டாம் சுடுகைக்குப் பிறகு கிடைக்கும் எண்தான் நம்பகமானது; அதுவரை தோளைத் தொடாமல் டையை உயர்த்தியே வைத்திருக்கலாம்.

டையின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று. அதாவது ஒரு முழுச் சுற்று 71 தௌ. பத்து டிகிரி திருப்பினால் ஏறத்தாழ இரண்டு தௌ. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் பாதித் தடுமாற்றம் போய்விடும். டைமேல் மார்க்கரால் ஒரு கோடு, பிரஸ்மேல் ஒரு கோடு. ஷெல் ஹோல்டருக்கும் டைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் தொடங்கி, கூட்டை அழுத்தி, அளந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

இங்கே ஒரு விசித்திரம் காத்திருக்கும். டையை இறக்க இறக்கத் தோள் பின்னே போக வேண்டியதற்குப் பதிலாக முதலில் முன்னே வரும். சுட்ட கூட்டைவிட ஐந்தாறு தௌ நீண்ட எண் காட்டும். காலிபர் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். கெடவில்லை. டையின் உடம்பு கூட்டின் வயிற்றை அமுக்கும்போது பித்தளைக்குப் போக வேறு இடமில்லாமல் மேலே ஏறுகிறது. டையின் தோள் இன்னும் அதைத் தொடவில்லை. இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் போல்ட் மூடாது. இன்னும் சில டிகிரி இறக்கினால் எண் சட்டென்று இறங்க ஆரம்பிக்கும். அங்கேதான் மெதுவாகப் போக வேண்டும். சுட்ட கூட்டைவிட இரண்டு தௌ குறைவாக வந்ததும் டை நகராமல் பிடிக்கும் லாக் ரிங்கை இறுக்கிவிடுங்கள். கரடி, எருமை போன்ற ஆபத்தான மிருகங்களுக்கு எடுத்துப்போகும் ரைபிள் என்றால் நான்கு தௌ விடலாம். தூசி படிந்தாலும் போல்ட் தயங்காமல் மூட வேண்டும். அங்கே கூட்டின் ஆயுளைக் கணக்குப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

டையை ஷெல் ஹோல்டரிலிருந்து தள்ளி வைப்பது பிரஸ்ஸின் நெகிழ்வால் ஒவ்வொரு கூட்டுக்கும் சற்று மாறும் என்று கருதுபவர்கள் ரெட்டிங்கின் காம்படிஷன் ஷெல் ஹோல்டர் செட்டை வாங்குகிறார்கள். 2, 4, 6, 8, 10 தௌ உயரம் கூடிய ஐந்து துண்டுகள். டை இறுக்கமாகத் தொட்டே நிற்கும். துண்டை மாற்றினால் தோள் மாறும். செலவுக்கேற்ற பலன் உண்டு. சாதாரண ஷெல் ஹோல்டரே போதும் என்றால் .300 வின்செஸ்டர், 7 எம்எம் ரெமிங்டன், .338, .375 ஹாலண்ட் எல்லாவற்றுக்கும் அடிப்பகுதி ஒன்றே என்பதால் ஒன்று வாங்கினால் போதும்: ஆர்சிபிஎஸ்ஸில் 4-ஆம் எண், லீயிலும் ஹார்னடியிலும் 5.

கடைசித் தீர்ப்பு காலிபரிடம் இல்லை, ரைபிளிடம்தான். போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னையும், கூட்டை வெளியே தள்ளும் ஸ்பிரிங் எஜெக்டர் இருந்தால் அதையும் கழற்றிவிட்டு, டையில் அழுத்திய காலிக் கூட்டைச் சேம்பரில் வைத்து மூடுங்கள். கைப்பிடி தன் எடையிலேயே விழ வேண்டும், அல்லது கடைசி அரை அங்குலத்தில் மெல்லிய உரசல் இருக்க வேண்டும். ஸ்பிரிங்குகள் இருக்கும்போது இந்த உணர்வு கைக்குத் தெரியவே தெரியாது.

போல்ட் மூடவில்லை என்றால்

பெல்ட்டட் மேக்னத்தில் கூடுகளைக் கெடுக்கும் பெரிய குழப்பம் இங்கேதான். கூட்டை மூன்று நான்கு முறை சுட்ட பின், டை அளவு மாறாமலே, போல்ட் கடைசியில் இறுக ஆரம்பிக்கும். உடனே கை தானாக டையைக் கீழே திருப்பும். தோள் இன்னும் பின்னே போகும். இறுக்கம் போகாது, இன்னும் திருப்புவார்கள். கடைசியில் டை ஷெல் ஹோல்டரில் முட்டி நிற்க, தோள் பத்துப் பதினைந்து தௌ பின்னே போய்விட்டிருக்கும்; இறுக்கமோ அப்படியே இருக்கும்.

காரணம் தோளில் இல்லை. பெல்ட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் உப்பலில் இருக்கிறது. டையின் வாய் விளிம்பு உருண்டையாக இருக்கும். போதாததற்குப் பெல்ட் வேறு வழியை மறிக்கிறது. அதனால் பெல்ட்டுக்கு முன்னாலுள்ள குறுகிய பட்டை ஒன்றை எந்தச் சாதாரண டையும் முழுதாகத் தொடுவதில்லை. வரைபடப்படி அந்த இடம் ஏறத்தாழ 0.513 அங்குலம். ஒவ்வொரு சுடுகையிலும் துளித் துளியாகப் பருத்து, டை மேலிருந்து தள்ளிய பித்தளையும் அங்கே ஒதுங்கி, ஒரு நாள் சேம்பர் விட்டத்தை எட்டிவிடும்.

எது தடுக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கறுப்பு மார்க்கர் போதும். டையில் அழுத்திய கூட்டின் தோள் முழுக்கவும், பெல்ட்டுக்கு முன்னால் ஒரு விரல் அகலத்துக்கும் மையைப் பூசிக் காயவிடுங்கள். சேம்பரில் வைத்து மூடித் திறந்து எடுங்கள். தோளில் மை தேய்ந்து மஞ்சள் பித்தளை தெரிந்தால், டையை ஒரு துளி இறக்க வேண்டியதுதான். தோளில் மை அப்படியே இருந்து பெல்ட் பக்கத்தில் பளபளத்தால் டையைத் தொடாதீர்கள். அதற்கென்றே பெல்ட் வரை இறங்கிப் பிடித்து அமுக்கும் காலட் டை தனியாகக் கிடைக்கிறது. முழு சைஸிங் (டையில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவருவது) முடிந்த பிறகு அதில் ஒரு தடவை. உப்பல் இரண்டாம் சுடுகையிலேயே வந்தால், உங்கள் லோடு (நீங்கள் தேர்ந்த மருந்து, பிரைமர், புல்லட் சேர்க்கை) சூடு, அதாவது அழுத்தம் அதிகம், அல்லது சேம்பர் அகலம். காலட் டை அதை மறைத்துவிடும், தீர்க்காது.

இன்னொரு மறைமுகக் குற்றவாளி எக்ஸ்பாண்டர் உருண்டை: டைக்குள் தண்டு ஒன்றில் மாட்டி, கூட்டின் கழுத்தை உள்ளிருந்து விரிப்பது. கழுத்தின் உள்பக்கம் காய்ந்திருந்தால், கூட்டை டையிலிருந்து இழுக்கும்போது அந்த உருண்டை கழுத்தைப் பிடித்திழுத்துத் தோளையும் இரண்டு மூன்று தௌ முன்னே கொண்டுவந்துவிடும். ஒரே டை அமைப்பில் ஒரு கூடு சரியாகவும் அடுத்தது நீண்டும் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். தண்டைக் கழற்றிவிட்டு ஐந்து கூடு அழுத்தி அளந்தால் தெரிந்துவிடும். கழுத்துக்குள் கொஞ்சம் கிராஃபைட் தூள் தடவினால் சரியாகிவிடும். வெளிப்பக்கம் சைஸிங் வாக்ஸ், விரலில் எடுத்து மெல்லியதாக. தோளில் அதிகம் அப்பினால் மாட்டிக்கொண்ட வாக்ஸ் அங்கே பள்ளம் குழிக்கும். உடம்பில் குறைந்தால் கூடு டைக்குள் இறுகிக்கொள்ளும். இவ்வளவு பெரிய கூடு இறுகினால் பிரஸ் கைப்பிடியில் தொங்கினாலும் வராது. ரிம்தான் கிழியும். பிரைமர் குழியை ட்ரில் செய்து கால் அங்குல மரை போட்டு, போல்ட் முறுக்கி இழுக்கும் கிட் ஒன்றை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

பேப்பர் கிளிப்

ஒரு தடவைக்கு மேல் சுட்ட எந்த மேக்னம் கூட்டையும் உள்ளே தடவிப் பார்க்காமல் நிரப்பக் கூடாது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியில் இரண்டு மில்லிமீட்டரை நேர்க்கோணத்தில் மடக்கி, அந்த நுனியை அரத்தில் கூராக்குங்கள். கூட்டின் அடித்தளம்வரை விட்டு, சுவரை ஒட்டி மெதுவாக மேலே இழுங்கள். நல்ல கூட்டில் வழவழவென்று வரும். பெல்ட் மட்டத்துக்குச் சில மில்லிமீட்டர் மேலே கொக்கி எதிலோ விழுந்து ஏறினால் பள்ளம் பிறந்துவிட்டது. கூட்டைச் சுற்றி நான்கு இடத்தில் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மெலிவதும் உண்டு. சந்தேகம் வந்தால் அறுத்துப் பாருங்கள். அந்த ஒரு கூட்டின் விலையை மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

வெளியே தெரியும் எல்லா வளையமும் ஆபத்தல்ல. டையின் வாய் எங்கே நின்றதோ அங்கே ஒரு கோடு விழும். அது பெல்ட்டை ஒட்டியே இருக்கும், ஓரம் கூராகத் தெரியும், உள்ளே கொக்கி தடுக்காது. மெலிவின் வளையம் அதற்குச் சற்று மேலே, ஓரம் மங்கி, வெளிறிய நிறத்தில் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள்.

அறுந்தே போனால்: போல்ட்டைத் திறந்ததும் அடிப்பாகம் மட்டும் வெளியே வரும், குழாய் போன்ற முன்பாதி சேம்பரிலேயே தங்கிவிடும். வெளியே வந்த துண்டைப் பார்க்காமல் அடுத்த தோட்டாவைத் தள்ளினால் அது பாதியில் நிற்கும். தள்ளி மூடப் பார்க்கக் கூடாது. தோட்டாவை எடுத்துவிட்டு, சேம்பரைவிடச் சற்றுப் பெரிய பித்தளை பிரஷ்ஷை உள்ளே விட்டுப் பின்னோக்கி இழுத்தால் பெரும்பாலும் அதோடு வந்துவிடும். வராவிட்டால் துப்பாக்கிப் பட்டறைக்குத்தான். வாயு பின்னே சீறுவது கூடு இப்படி அறும் நேரத்தில்தான். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுடுகிறவர்களிடம் வேறு எதைச் சொல்வது?

மற்ற வேலைகள்

நீளம்: .300 வின்செஸ்டர் கூடு 2.620 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 2.610-க்கு வெட்டுங்கள். அளப்பது சைஸிங்குக்குப் பிறகு. தாண்டினால் கழுத்தின் வாய் சேம்பர் முனையில் நசுங்கிப் புல்லட்டை இறுக்கும், அழுத்தம் எகிறும். அதற்காக அதிகமாகவும் வெட்ட வேண்டாம். இந்தத் தோட்டாவின் கழுத்து 0.264 அங்குலம்தான், புல்லட் விட்டத்தைவிடக் குட்டை. கழுத்தும் தோளும் விறைத்துப்போனால் தோளை இரண்டு தௌவில் நிறுத்த முடியாமல் எண்கள் சிதறும். மூன்று நான்கு சுடுகைக்கு ஒருமுறை அனீலிங் (சூடுகாட்டிப் பித்தளையை இளக்குவது) செய்தால் அடங்கும். சூடு பெல்ட் பக்கம் வரவே கூடாது. அடி இளகிய கூடு குப்பைக்குப் போக வேண்டியதுதான்.

பிரைமர் லார்ஜ் ரைஃபிள் மேக்னம்: ஃபெடரல் 215, சிசிஐ 250 போன்றவை. மெதுவாக எரியும் மருந்து இவ்வளவு கனமாகக் கிடக்கும்போது சாதாரண பிரைமர் குளிர்காலத்தில் தயங்கும். எந்தப் பிரைமரை வைத்து லோடு தேற்றினீர்களோ அதையே வைத்திருங்கள். மாற்றினால் மறுபடி கீழிருந்து தொடங்க வேண்டும். அடிமட்டத்துக்கு மூன்று முதல் ஐந்து தௌ கீழே உட்கார வேண்டும். விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். பிரைமர் குழி தளர்ந்து, கையால் அமுக்கினாலே உள்ளே போகிறது என்றால் அந்தக் கூட்டின் கதை முடிந்தது. ஐந்து சுடுகைக்குள் குழி தளர்ந்தால் லோடு அளவுக்கு மீறியது என்றே பொருள், பிரைமர் முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

மருந்து அளவு எதையும் இங்கே எழுதப்போவதில்லை. அதை புல்லட் நிறுவனமும் மருந்து நிறுவனமும் வெளியிடும் நடப்புக் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள்; தொடக்க அளவிலிருந்தே ஏறுங்கள். .300 வின்செஸ்டர், .338 இரண்டும் 64,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அழுத்த வரம்பு உள்ளவை, 7 எம்எம் ரெமிங்டனுக்கு 61,000. அந்த வரம்புக்குக் கீழே பெரிதாக இடைவெளி கிடையாது. ஆனால் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட முடியாது.

ஒன்று, 4831. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 20 எம்எம் பீரங்கித் தோட்டாவிலிருந்து மிஞ்சிய மருந்தை ப்ரூஸ் ஹாட்ஜன் மொத்தமாக வாங்கி விற்றார். மேக்னம் கூடுகளுக்கு மெதுவான மருந்து கிடைத்தது அப்படித்தான். இன்று ஹெச் 4831, ஐஎம்ஆர் 4831 என்று இரண்டு டப்பாக்கள் கடையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எண் ஒன்று, எரியும் வேகம் வேறு, ஐஎம்ஆர் வேகமானது. ஹெச்-இன் அளவை ஐஎம்ஆரில் போட்டால் வரம்பைத் தாண்டும். மேக்னம் கூட்டில் மருந்தை இரண்டு தடவை ஊற்ற முடியாது, வழிந்துவிடும். தவறான மருந்தை ஊற்றினால் வழியாது. பெஞ்சில் எப்போதும் ஒரே டப்பா.

இரண்டு, உதை குறையட்டும் என்று மெதுவான மருந்தைக் கையேட்டின் தொடக்க அளவுக்கும் கீழே குறைப்பது. குறைவான மருந்து பாதுகாப்பு என்று மனம் சொல்லும். பாதி காலியான கூட்டில் இந்த மருந்துகள் சீராகப் பற்றாமல், திடீரென அழுத்தம் உச்சத்துக்குப் பாய்ந்து ரைபிள்களைப் பிளந்த சம்பவங்கள் உண்டு. மென்மையான லோடு வேண்டுமென்றால் அதற்கென்று கையேடு சொல்லும் வேறு மருந்துக்குப் போக வேண்டும்.

போல்ட் தூக்கும்போது ஒட்டுவது, கூட்டின் அடியில் எஜெக்டர் துளையின் வட்டத் தடம் விழுவது, இரண்டுமே எல்லையைத் தாண்டிய பிறகு வரும் அறிகுறிகள். அவை வரும்வரை ஏறலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். புல்லட்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் முன்கூட்டியே சொல்லும்: அதே நீளக் குழலில் கையேட்டின் உச்ச வேகத்தை உங்கள் லோடு தாண்டினால், அந்த வேகம் அழுத்தத்திலிருந்துதான் வந்திருக்கிறது. சும்மா வரவில்லை. ஜனவரியில் தேற்றிய லோடு ஜூலையில் அரிசோனா வெயிலில், கார் டாஷ்போர்டில் கிடந்த பிறகு, வேறு லோடாகிவிடும். கார்டைட் என்ற பழைய மருந்தின் காலத்தில் ஹாலண்டின் ஆட்கள் கவலைப்பட்ட அதே வெயில்தான்.

.375, .458-இல் உதை பலமாக இருப்பதால் மேகஸினில் காத்திருக்கும் தோட்டாக்களின் புல்லட் உள்ளே நகரும். கிரிம்ப் (கூட்டின் வாயைப் புல்லட்டில் அழுத்தி மடக்குவது) வேண்டும், அதற்குக் கூடுகள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றில் இறுகும், அடுத்ததில் கூடே மடங்கும். மூன்று சுட்டு, நான்காவதை மேகஸினிலிருந்து எடுத்து நீளம் அளந்து பாருங்கள். .458 வின்செஸ்டரின் ஆரம்பகால ஃபாக்டரித் தோட்டாக்களில் மருந்தை அளவுக்குமேல் திணித்ததால் அது கட்டிதட்டி, யானை முன்னால் நின்றவனைக் கைவிட்டது. .458 லாட் என்ற தோட்டா பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கூடுகளை ரைபிள்வாரியாகப் பிரித்து வையுங்கள். ஒரு ரைபிளில் ஊதிய தோள் இன்னொன்றில் நுழையாது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு டை அமைப்பு வைத்தால் நீளமான சேம்பருக்குப் போகும் கூடுகள் சீக்கிரம் அறும். ஐம்பது கூட்டுக்கு ஒரு பெட்டி, மூடியில் ஒரு துண்டுத் தாள்: எத்தனை முறை சுட்டது, தோள் எண் எவ்வளவு, கடைசியாக வெட்டியது எப்போது, அனீலிங் எப்போது. ஐம்பதில் ஒன்றில் கொக்கி தடுத்தால், மீதி நாற்பத்தொன்பதும் அதே வரலாறு உள்ளவை. அவற்றையும் அன்றே தடவிப் பாருங்கள். ஒதுக்கிய கூட்டை அப்படியே குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். ரேஞ்சில் பித்தளை பொறுக்குகிறவர் எடுத்து, துலக்கி, நிரப்பிவிடுவார். கழுத்தைக் குறட்டால் தட்டையாக நசுக்கிவிட்டுப் போடுங்கள்.